நிமிர்த்தி வைத்த நாற்காலி

அந்தக் குளிர்காலம் முழுக்க லவோனுக்கு ஒரே வேலைதான். விடிவதற்குள் எழுந்து, இரவு உடைக்கு மேல் கணவரின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் நிமிர்த்திவிட்டுப் போன நாற்காலிகளைப் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைப்பது. எழுபதைத் தாண்டியவள் செய்கிற காரியமா இது என்று பார்ப்பவர்கள் சிரித்திருப்பார்கள். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுடைய பயமெல்லாம்.

டெக்ஸாஸின் தென்கோடியில், ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ என்கிற இடத்தில் அந்த டிரெய்லர் வளாகம் இருந்தது. வடக்கே டகோட்டாவில் பனி கொட்டத் தொடங்கியதும், நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்ட கிழவர்களும் கிழவிகளும் வீட்டையே வண்டிக்குப் பின்னால் கோத்துக்கொண்டு இங்கே வந்து இறங்குவார்கள். வசந்தம் வரும்வரை கிரேப்ஃப்ரூட் மரத்தடியில் சீட்டாட்டம், காபி, டோநட், அடுத்தவர் வீட்டு விவகாரம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் கையை வீசி நடக்க முடியாது. இங்கே ஒருவர் தும்மினால் பக்கத்து டிரெய்லரிலிருந்து ஆசீர்வாதம் வந்துவிடும்.

அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தும், சில வருடங்களுக்கு முன்னால் தனியாக இருந்த ஒருவர் செத்துப்போனது இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் நாற்காலி வழக்கம். படுக்கப் போகும்போது வாசல் நாற்காலியைக் கவிழ்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் நிமிர்த்த வேண்டும். காபி நேரமாகியும் கவிழ்ந்தே கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நிமிர்ந்திருந்தால் ஆள் நலம், திரை மூடியிருந்தாலும் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்களில் அவள் கணவர் மெல்வினும் ஒருவர். இப்போது அவருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த சில நாட்களில், விடியற்காலை இருட்டில் அவர் வெளியே கிளம்பிப் போவதை லவோன் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்டதற்கு, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"ராத்திரி காத்துல எல்லார் சேரும் விழுந்து கெடக்கு லவோன். ஒருத்தருக்கும் எடுத்து வைக்கணும்னு தோணல பாரு."

கோதுமை வயலில் ஐம்பது வருடம் உழைத்த மனிதர். விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவருக்குத் தெரியாது. லவோனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதவைப் பூட்டிப் பார்த்தாள். பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டு அவர் குழந்தை மாதிரி அழுதார். அதைவிட அவர் பின்னால் நடந்து போவதே மேல் என்று தீர்மானித்தாள்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு வளாகத்தில் இடமில்லை. ஊரில் மகன் கர்ட்டிஸ், பூட்டுப் போட்ட கதவுகள் உள்ள ஒரு முதியோர் இல்லத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தான். அங்கே மெல்வினுக்கு ஒரு கட்டில், மகன் வீட்டில் இவளுக்கு ஒரு அறை. இந்தக் குளிர்காலம்தான் ஒரே கூரையின் கீழ் இருவரும் இருக்கும் கடைசிக் காலம் என்பதை அவள் நினைக்காத நாளில்லை.

எதிர் டிரெய்லர் யூனிஸுக்கு அவருடைய மறதி தெரிந்துவிட்டது. விதவை, ஒல்லி, சீட்டில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், லவோனுக்கு இருபது வருடத் தோழி. புதன்கிழமை சாயங்காலம் சீட்டாட்டம் முடிந்ததும் இவளைத் தனியே நிறுத்தினாள்.

"லவோன், சொன்னா கோவிச்சுக்காத. என் வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு மெல்வின் எங்கிட்டயே கேக்குறாரு. அவரு சவப்பெட்டிய தூக்குனதே மெல்வின்தானடி."

"வயசானா யாருக்குதான் மறக்கல. நீ நேத்து அடுப்ப அணைக்காம வந்த."

"மறதி வேற, இது வேற. உனக்கே தெரியும். கர்ட்டிஸ்கிட்ட சொல்லிடு. ஞாயித்துக்கெழமைக்குள்ள நீ சொல்லலன்னா நானே ஃபோன் போட்டுச் சொல்றேன்."

"என் குடும்பத்துல மூக்க நுழைக்கிற வேலய இதோட விட்ரு."

"சரிடி, என்னத் திட்டு. நல்லாத் திட்டு. ஆனா சொல்லிடு."

லவோன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை. விடியும் நேரத்தில் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது நன்றாக வெளுத்திருந்தது. மெல்வின் ஈரச் செருப்போடு மேஜையருகே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் வரிசை முழுக்க நாற்காலிகள் நிமிர்ந்து நின்றன. அதற்குள் ஆட்கள் நாய்களோடு நடமாடத் தொடங்கிவிட்டார்கள். இனிமேல் போய்க் கவிழ்க்க வழியில்லை.

காபி நேரத்துக்கு எல்லோரும் டிரெய்லர்களை ஒட்டிய பொதுக் கூடத்துக்கு வந்தார்கள். யூனிஸ் வரவில்லை.

"சேர் நிமிந்துதான் இருக்கு," என்றார் டுவேன். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதர். "நேத்து எங்கிட்ட தோத்தாள்ல, மூஞ்சியக் காட்ட வெக்கமா இருக்கும். இல்லன்னா பாலம் தாண்டி மெக்சிகோவுல பல் டாக்டர்கிட்ட போயிருப்பா. புதுப் பல்லோட வந்து நம்மள கடிக்கப் போறா."

எல்லோரும் சிரித்தார்கள். லவோனும் சிரித்தாள். அந்த நாற்காலிக்கு இன்றைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி எழுந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கலாம். சர்க்கரை கேட்டிருக்கலாம். தட்டினால் யூனிஸ் கதவைத் திறப்பாள், திறந்ததும் கர்ட்டிஸைப் பற்றித்தான் கேட்பாள். பல் டாக்டரிடமே போயிருக்கட்டும் என்று லவோன் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். அதைவிட மோசமாக, அவள் இல்லாத இந்தக் காலை கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டாவது கோப்பைக் காபி வாங்கிக் குடித்தாள். குறுக்கெழுத்துப் போட்டியில் சேர்ந்துகொண்டாள். மெல்வினுக்கு டோநட்டைப் பிட்டுக் கொடுத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பும்போதுதான் யூனிஸின் கார் டிரெய்லருக்குப் பின்னால் நிற்பது கண்ணில் பட்டது. கண்ணாடியில் இரவுப் பனி வழிந்த தடம் அப்படியே இருந்தது. காலையிலிருந்து அது நகரவில்லை.

லவோன் தட்டினாள். பதில் இல்லை. யூனிஸ் மாற்றுச் சாவி வைக்கும் பூத்தொட்டி அவளுக்குத் தெரியும். திறந்தாள்.

கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே யூனிஸ் ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே கால் கோணிக்கொண்டிருந்தது. போர்வையின் ஒரு முனையை இழுத்து மேலே போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறாள், எட்டவில்லை. முகம் வெளிறிக் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"வந்தியா," என்றாள்.

லவோன் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். பனிக்கட்டியாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்தினாள்.

"எப்ப விழுந்த?"

"இருட்டுல. மெல்வின் வந்தாரு. சேர் சத்தம் கேட்டுது. மெல்வின், விழுந்துட்டேன், யாரையாச்சும் கூப்புடுங்கன்னு கத்துனேன்." தண்ணீர் கேட்பவளைப் போல உதட்டை நக்கினாள். "ஒண்ணும் கவலப்படாத யூனிஸ், நான் எடுத்து வெச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு."

லவோனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"நீங்கல்லாம் காபிக்குப் போனது, சிரிச்சது, எல்லாம் கேட்டுது," என்றாள் யூனிஸ். "உன் சிரிப்பும் கேட்டுது. கத்தத்தான் குரல் எழும்பல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். யூனிஸ் திட்டவில்லை. கையையும் விடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது வளாகமே கூடிவிட்டது. நிர்வாகம் பார்க்கும் மரிசெலா ஓடி வந்தாள். உள்ளூர்ப் பெண், இவர்கள் எல்லோருக்கும் மகள் வயது. டுவேனின் முகத்தில் கேலியெல்லாம் வற்றிப்போயிருந்தது.

"சேர் நிமிந்திருந்துச்சே," என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "காலையில நல்லா எந்திரிச்சு, சேர நிமித்திட்டு, அப்புறமா விழுந்திருக்கா. அப்படித்தான் இருக்கும். நம்ம மேல தப்பு இல்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. லவோன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த யூனிஸ் அவளையே பார்த்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. முடிவை இவளிடம் விட்டுவிட்டாள்.

"அவ நிமித்தல," என்றாள் லவோன். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மெல்வின் நிமித்துனாரு. தெனமும் எல்லார் சேரையும் நிமித்துறாரு. நான் பின்னாடியே போய்க் கவுத்து வைப்பேன். இன்னிக்குத் தூங்கிட்டேன். அது தெரிஞ்சும் காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மெல்வின், வண்டி போன திசையைப் பார்த்து யாரோ விருந்தாளி கிளம்பியதுபோலக் கை அசைத்தார்.

சாயங்காலம் மரிசெலா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மிஸ் லவோன், ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம். பொழச்சுக்குவாங்களாம்." கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தாள். "இந்த சீசன் முடியற வரைக்கும் இருங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. அடுத்த வருஷத்துக்கு மட்டும் இடம் எழுதி வைக்க முடியாது. எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு."

"உனக்கென்னம்மா கஷ்டம், உன் வேலை அது," என்றாள் லவோன். மரிசெலா போன பிறகு கர்ட்டிஸுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றான். முதியோர் இல்லத்தின் பேரை அவனும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. வாசலில் யாரோ சூடான சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தட்டாமல் போயிருந்தார்கள். அன்றைக்குப் படுக்கும்போது பழக்கத்தில் அவள் தங்கள் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் விடியலில் மெல்வின் எழுந்தார். லவோன் தடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

வரிசையில் ஒரு நாற்காலிகூட இல்லை. எல்லோரும் இரவே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டுவிட்டார்கள். அவருக்காகவா, அவருக்குப் பயந்தா என்று லவோனுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. மெல்வின் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தார். யூனிஸின் வாசலில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு தங்கள் வாசலுக்கே திரும்பி வந்து, அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரே நாற்காலியை நிமிர்த்தி, பனி ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டு, அவளை உட்காரச் சொன்னார்.

"எல்லாரும் ஊருக்குக் கெளம்பிட்டாங்க போல லவோன்," என்றார். "நாம மட்டும்தான் பாக்கி. நாமளும் போலாமா?"

லவோன் உட்கார்ந்தாள். அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாம் மெல்வின்," என்றாள். "கர்ட்டிஸ் வரட்டும்."