பத்து நாற்பது பஸ்

எட்டு மணி நேரத்தில் நாற்பத்தொரு நிமிடம் தனப்பிரியா அந்த இடத்தில் இல்லை.

காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை இலந்தக்காட்டுப் பிரிவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணி எழுதுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. மூன்று ஊர்ப் பாதைகள் சேரும் இடம் அது. ஒரு டீக்கடை, ஒரு லேத் பட்டறை, சுற்றிலும் கிழங்கு பிடுங்கிய மொட்டைக் காடு. பத்து பதினேழுக்கு எழுந்து போனவள் பத்து ஐம்பத்தெட்டுக்குத் திரும்பி வந்தாள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அது மார்ச் மாதம். இப்போது ஜூன். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூட்டம். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து, அந்த எண்ணிக்கையை வைத்துச் சென்னைக் கம்பெனி ஒன்று போட்டிருந்த போக்குவரத்துத் திட்டத்தை அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் படித்து முடிவு செய்கிறார்கள். பைக்கும் காரும் குறைய வேண்டும், ஜனங்கள் பஸ்ஸுக்கு வர வேண்டும், புகை குறைய வேண்டும். பத்து மணிக் கூட்டம் பத்தே முக்காலுக்குத்தான் தொடங்கியது. வந்தவர்கள் ஆளுக்கொரு காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

தனப்பிரியா திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து ஒன்பதுக்கே வாசலில் நின்றாள். வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கி ஆளுக்கொரு கையேடு கொடுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் அனுபவச் சான்றிதழ் தருவதாக மேற்பார்வையாளர் அறிவழகன் சொல்லியிருந்தார். இயற்பியல் படித்துவிட்டு ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தவளுக்கு அந்த ஒரு தாள்தான் வேலை பார்த்ததற்குக் கையில் கிடைக்கப் போகும் முதல் சான்று.

கடைசியாக ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையெழுத்துப் போட்டார்: சௌந்திரம், இலந்தக்காடு. தனப்பிரியா ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உள்ள டீ குடுப்பாங்களா சாமி? ரெண்டு பஸ் மாறி வாரோம், தொண்ட காஞ்சு போச்சு."

"குடுப்பாங்கங்க."

திட்டத்தைப் படித்தவர் ஜெகதீஸ்வரன், கம்பெனியின் பெரிய அதிகாரி. திரையில் பட்டியல் பட்டியலாக ஓடியது. ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு டீசல், ஒரு ஆளுக்கு இவ்வளவு புகை. இருபதாவது படத்தில் தனப்பிரியா எண்ணிய இடம் வந்தது.

"எட்டாம் நம்பர் டவுன் பஸ், பத்து நாற்பது டிரிப். மெயின் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே போய் இலந்தக்காட்டுப் பிரிவுல திரும்புது. ஏறினவங்க பூஜ்யம். இறங்கினவங்க பூஜ்யம். இந்த டிரிப்பை நிறுத்திட்டு அந்த பஸ்ஸை மெயின் ரோட்டுக்கு விடறோம். ஆளில்லாத பஸ்ஸை ஓட்டறதுதாங்க பெரிய புகை."

முன்வரிசை தலையாட்டியது.

தனப்பிரியா பூஜ்யம் எழுதவில்லை. பத்தே காலிலிருந்து பதினொன்று வரையுள்ள மூன்று கால்மணிக் கட்டங்களிலும் குறுக்குக் கோடு போட்டிருந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் எடுக்காத அளவைப் பூஜ்யம் என்று எழுதினால் பேராசிரியர் வீசும் ரெக்கார்டு நோட்டு மேசைக்கு மேசை பறக்கும். அளந்து பூஜ்யம் வருவது வேறு, அளக்காமல் விடுவது வேறு. அன்று அவள் நடந்து திரும்பும் வழியில் பஸ் எதிரே வந்தது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. எத்தனை என்று எண்ணுவதற்குள் போய்விட்டது. எண்ணாததை எழுதக் கூடாது என்றுதான் கோடு போட்டாள். குறிப்பு எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டது மட்டும் அவள் தப்பு. அங்கே காரணம் எழுத வேண்டியிருந்தது.

ஓரத்தில் நின்றிருந்த அறிவழகனிடம் போனாள்.

"சார், அது பூஜ்யம் இல்லைங்க. நான் கோடு போட்டிருந்தேன்."

"தெரியும். நான்தான் மாத்தினேன்."

"ஏனுங்க சார்?"

"கோடு போட்டா கம்ப்யூட்டர் எடுக்காதும்மா. காலியா உட்டா செவப்பு காட்டும். ஜீரோ போட்டா பச்சை. அறுபத்திரண்டு ஸ்டாப்பு, ராத்திரிக்குள்ள அனுப்போணும். நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப பஸ் வந்துச்சுங்க. ஆளு இருந்தாங்க."

"நீ எங்க இருந்த?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"பாத்தியா. போன் பேசிக்கிட்டு எங்கயாச்சும் போயிருப்ப. இப்பப் போய்ச் சொன்னா உன்ற சீட்டு மட்டுமல்ல, அத்தன சீட்டும் சந்தேகம்பாங்க. சான்றிதழ்ல கையெழுத்துப் போடறது அங்க பேசறாரே, அவருதான். பேசாம நில்லு."

பின்வரிசையில் சௌந்திரம் எழுந்துவிட்டார். மைக் அவர் கைக்குப் போவதற்குள் அவர் குரல் மேடைக்குப் போய்விட்டது.

"ஏனுங்க, பூஜ்யம்னா ஒருத்தருமே இல்லைங்கறீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நாங்க யாருங்க? மாட்டு வேலைய முடிச்சுப்போட்டு பத்து நாப்பதுக்குத்தான் திருச்செங்கோடு தறிப்பட்டறைக்கு நூல் சுத்தப் போறோம். தெனமும் பத்துப் பதினோரு பேரு. பேயா வந்து ஏறுது?"

சிரிப்பு எழுந்தது. ஜெகதீஸ்வரனும் சிரித்தார். "அன்னைக்கு நீங்க லீவா இருந்திருக்கலாம்மா."

"லீவா! பதினோரு பேரும் ஒண்ணாவா? மாடு லீவு குடுக்குமுங்களா?"

"எங்ககிட்ட டேட்டா இருக்கு."

"கண்டக்டரு எங்களுக்குச் சும்மாப் போற சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறாருல்ல, அதப் பாருங்க."

"மெஷின்ல நாலஞ்சு ஸ்டாப்பைச் சேர்த்து ஸ்டேஜ் கணக்குதான்மா வரும். உங்க பிரிவு தனியா வராது. அதனாலதான் நேர்ல ஆளை உக்கார வெச்சு எண்ணினோம்."

"ஒரு நாளு உக்காந்தீங்க. அத வெச்சு வருசத்துக்கும் பஸ்ஸ நிறுத்துவீங்களா? நிறுத்திப் போடுங்க. எங்கூட்டுக்காரரு டிவிஎஸ்ல கொண்டாந்து உட்டுட்டுத் திரும்பிப் போவாரு, சாயங்காலம் மறுக்கா வருவாரு. பதினோரு ஊட்டுக்குப் பதினோரு வண்டி. அதுல புகை வராம பன்னீரா வரும்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஜெகதீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க உணர்வு புரியுதும்மா. ஆனா உணர்வை வெச்சுத் திட்டம் போட முடியாது. அடுத்த படம்."

அந்தச் சொல் தனப்பிரியாவுக்கு எரிச்சலாக இருந்தது. சௌந்திரம் சொன்னது உணர்வு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, எத்தனை தடவை என்ற கணக்கு. திரையில் நின்ற பூஜ்யத்தில்தான் கணக்கே இல்லை.

சௌந்திரம் உட்காரவில்லை. மைக்கைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றவளை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் புள்ளதானே அன்னைக்கு அட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு? காத்தால பால் ஊத்தப் போகைல பாத்தனே. கண்ணு, நீயாச்சும் சொல்லு."

அறிவழகன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேண்டாம்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே தனப்பிரியாவுக்குக் குரல் எழும்பாது. மண்டபத்தில் நாற்பது ஆண்கள் இருந்தார்கள். அவளிடம் மார்ச்சில் கொடுத்த குறிப்புத் தாள் அவளுக்கு மனப்பாடம். பதினாறு குறிப்புகள். இரண்டு பேனா, ஒரு குடை. வெயில் கடுமையாக இருப்பதால் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். இடத்தை விட்டு நகரக் கூடாது. பதினாறையும் யாரோ ஓர் ஆண் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்.

அவள் நடந்து போய்ச் சௌந்திரத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அது கீச்சென்று கத்தியது.

"சார், அந்தச் சீட்டு என்னுதுங்க. அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான் பூஜ்யம் எழுதலீங்க. எண்ணலைன்னு கோடு போட்டிருந்தேன். பத்து நாப்பது பஸ்ஸை நான் எண்ணவே இல்லைங்க."

முன்வரிசை மொத்தமும் திரும்பியது. ஜெகதீஸ்வரன் அறிவழகனைப் பார்த்தார். அறிவழகன் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"எண்ணலையா? அதுக்குத்தானேம்மா உங்களை உக்கார வெச்சோம்? அந்த நேரத்துல எங்க போனீங்க?"

அவள் மைக்கைக் கீழே இறக்கினாள்.

"சொல்லுங்க. ஊரே கேக்குது. டீ குடிக்கப் போனீங்களா?"

"இல்லைங்க."

"வீட்டுக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் வேற எங்கதான் போனீங்க?"

சௌந்திரத்தின் கை அவள் முதுகில் பட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. கூட வந்த பெண்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முன்வரிசைக்கு மட்டும் புரியவில்லை. சொன்னால்தான் புரியும்போல. தனப்பிரியா மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்தாள்.

"ஒண்ணுக்குப் போனேன் சார். அந்தப் பிரிவுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லைங்க. பெட்ரோல் பங்க்குக்கு ஒண்ணேகால் கிலோமீட்டர் நடந்தேன், அங்க பூட்டியிருந்துச்சு. பக்கத்துல ஒரு ஊட்டுல கேட்டுப் போயிட்டு, திரும்பி நடந்து வந்தேன். நாப்பத்தொரு நிமிசம் ஆச்சுங்க."