கழுவாத சட்டிகள்

"இதை மட்டும் நீ கத்துக்கிறாதே மெஹரு."

"ஏன் மச்சான்? நான் ஆக்குனா வாயில வைக்க வெளங்காதோ?"

"நீயே ஆக்கிட்டா, நான் ஊருக்கு வந்து என்ன செய்யிறது? வச்சதைத் தின்னுட்டு ரயில் ஏறணுமாக்கும்! தள்ளு புள்ள, வெங்காயம் கருகுது."

கல்யாணமான புதிதில் பக்ருதீன் சொன்னது. பதினோரு வருஷம் ஆகியும் அவர் சிரித்த சிரிப்போடு அது மெஹராஜின் மனதில் அப்படியே இருந்தது.

உலக யுத்தத்தின்போது பட்டாளத்துச் சமையற்காரராக எகிப்துக்குப் போனவர் அவர். கெய்ரோவில் தள்ளுவண்டிக்காரர்கள் அரிசி, தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு, சேமியா எல்லாவற்றையும் கலந்து, மேலே முறுகலாகப் பொரித்த வெங்காயத்தைத் தூவித் தருவார்களாம். அதை 'மிசிர்ச் சோறு', எகிப்துச் சோறு, என்பார். இப்போது சென்னையில் தோல் மண்டி வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நாள், பேகம்பூர் வீட்டுக்கு வருவார். புறப்படுகிற அன்று காலையில் அந்தச் சோற்றை ஆக்க அடுப்படியைப் பிடித்துக்கொள்வார். அவளை உள்ளே விடமாட்டார். மத்தியானம் சொந்தபந்தம் எல்லாம் கூடிச் சாப்பிடும். சாயங்காலம் ரயில்.

மாமியார் ரம்ஜான் பீவி படுக்கையில் கிடந்தவரை மெஹராஜால் ஊரைவிட்டு நகர முடியவில்லை. அதில் அவளுக்குக் குறையும் இருந்ததில்லை. மாமி போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லாத வீட்டில் ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்தாள். அவராகவே சென்னைக்குக் கூப்பிடுவார் என்று இருந்தாள். அவர் கூப்பிடவில்லை.

கடிதத்தில் கேட்கலாமென்றால், அவளுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு ராயப்பராஜ்தான் எழுதித் தருவான். ஒரு தடவை வாய்வரை வந்துவிட்டது. "அப்புறம் என்னக்கா எழுத?" என்று அவன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி முகத்தைப் பார்த்ததும், "ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குன்னு எழுதுங்க" என்றாள்.

அவர் ரயிலேறிய பிறகு அடுப்படிக்குள் போவதுதான் அவளுக்குக் கஷ்டம். எல்லாச் சட்டியும் கழுவாமல் கிடக்கும். போன தடவை அவற்றின் நடுவே உட்கார்ந்தவள், வெகுநேரம் எதையும் கழுவவில்லை. வெங்காயம் பொரித்த சட்டியில் சொட்டு எண்ணெய்கூட மிச்சமில்லை. சட்டி கழுவும் அங்கணத்தில் பருப்பு வடித்த தண்ணீர் பழுப்பாகத் தேங்கியிருந்தது. அம்மியில் பூண்டு வாசம், ஓரத்தில் எலுமிச்சை விதை. ஒவ்வொன்றையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தானே ஆக்கிப் பார்த்தாள். பருப்புச் சோற்றுக்குப் போடுகிற மாதிரி அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டதில் எல்லாம் குழைந்து போயிற்று. ராயப்பராஜின் மனைவி ஆனந்தமேரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறி வாசமே காணோம்? கறி தொடாத தவசுக்காலம் எங்களுக்குத்தேன்னு நெனச்சேன், ஒங்களுக்கும் வந்திருச்சா?"

"சோறுன்னு வச்சேன், கஞ்சியாப் போச்சு."

"அம்புட்டையும் தனியாவா குடிக்கப் போறீக? ஒரு கிண்ணம் இங்கிட்டுத் தள்ளுங்க."

அந்தப் பழுப்புத் தண்ணீர் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் பருப்பை அரைவேக்காட்டில் வடித்துவிட்டு அரிசியோடு சேர்த்தாள். அதற்கடுத்த வாரம், வெங்காயம் பொரித்த எண்ணெயிலேயே அரிசியையும் சேமியாவையும் வறுத்தாள். சோறு உதிரி உதிரியாக வந்தது. அவர் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள்தான் இல்லை. இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை.

அவர் மறுபடி வந்தார். பத்து நாளும் வீடு நிறைய ஆள். புறப்படுகிற அன்று விடியக்காலைத் தொழுகைக்கு அவர் போனதும் மெஹராஜ் அடுப்பை மூட்டினாள்.

தொழுதுவிட்டு, மார்க்கெட்டில் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன வாசம் இது? யாரு ஆக்குனது?"

"நான்தேன். உக்காருங்க."

பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தார். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றார்.

"வெங்காய எண்ணெயிலதேன் அரிசியை வறுக்கணும்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லியே."

"நீங்க போனப்புறம் சட்டி சொல்லுச்சு."

"அப்ப இந்த வீட்ல எனக்கு வேலையில்லைங்கிற." சிரித்தார். பழைய சிரிப்பு வரவில்லை. மடியிலிருந்த பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

மெஹராஜ் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சட்டி பாக்கியில்லாமல் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஒவ்வொரு தடவையும் ஒங்களை அனுப்பிட்டு வந்து, நீங்க ஆக்குன சட்டியத்தேன் கழுவிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு இப்பவே கழுவிக் கவுத்திட்டேன். சாயங்காலம் எனக்கு இங்க ஒரு சோலியும் இல்லை."

அவர் கை தட்டில் நின்றது.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க, மச்சான்."