அண்ணன் போட்டுக்கொண்ட பேர்

நம்மூரில் குடும்பப் பேர் ஏது? அப்பன் பேரின் முதலெழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டால் முடிந்தது கதை. ஆனால் ஓவியனாகிப்போன அருண்ராஜ், படங்களின் மூலையில் ‘அருண்ராஜ் கொளஞ்சி’ என்று கையெழுத்துப் போட்டான். சேத்தியாத்தோப்பு ரோட்டில் பைக் மோதி அவன் செத்த பிறகு, சென்னையில் அவன் படங்களைக் கண்காட்சி வைக்கிற விஜயகுமாரி, நெய்வேலியிலிருக்கும் அவன் தங்கை சத்யப்பிரியாவுக்கு போன் செய்தார்.

“கொளஞ்சின்னா என்னங்க அர்த்தம்? படத்துக்குப் பக்கத்துல எழுதி மாட்டணும்.”

கொளஞ்சிநாதன் அவர்களுடைய அப்பா. நெய்வேலி சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. மகன் போனதிலிருந்து அவர் கேட்பது ஒன்றுதான். “எம்பேரு அவன் பேரோட செவுத்துல இருக்கும்ல?”

கேட்க வாய் வந்ததே, அதைச் சொல்லுங்கள்! போன வருடம் அண்ணன் வரைந்தது அவரைத்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, கிழிந்த பனியனோடு வாயைப் பிளந்து தூங்கும் அப்பா. படம் பேப்பரில் வந்தது, குடியிருந்த பிளாக் முழுக்கச் சிரித்தது. மனுஷன் ஒரு வக்கீலைப் பிடித்து, தன் பேரை மகன் எங்கும் போடக் கூடாது என்று நோட்டீஸ் விட்டுவிட்டார்.

சத்யப்பிரியா காகிதங்களையும் அண்ணனின் மெயில்களையும் விரித்து உட்கார்ந்தாள். வக்கீல் நோட்டீசில் அந்தப் பேர் கட்சிக்காரரின் மானம். போலீஸ் காகிதத்தில், உடலை அடையாளம் காட்டியவர். வாரிசுச் சான்றிதழில், இறந்தவரின் தந்தை. டெல்லி விமர்சகர் ஒருவருக்கு அண்ணன் எழுதியிருந்தான்: ‘எங்கள் பக்கத்துச் சாமி. பிராது எழுதிக் கட்டினால் விசாரித்துத் தீர்த்துவைப்பார்.’ படம் வாங்கிய ஒரு பெண்மணிக்கு: ‘அம்மா இல்லாத வீட்டில் சோறு பொங்கி, நாங்கள் சாப்பிட்ட பிறகே தட்டெடுத்த ஆள் என்று அர்த்தம்.’

அந்தக் கடைசி வரியை விஜயகுமாரிக்கு அனுப்பினாள்.

மறுநாள் விஜயகுமாரி போன் செய்தார். “மன்னிச்சுக்கங்க. எங்க பழைய மேனேஜருக்கு உங்க அண்ணன் போட்ட மெயில் இப்பதான் கண்ணுல பட்டுது. இனிமே எங்கேயும் கொளஞ்சி வேணாம், அப்பாவுக்குப் பிடிக்கலை, அவர் பேரு அவர் இஷ்டம்னு எழுதியிருக்காரு. அவர் சொன்னதை நாங்க மீற முடியாதுங்க.”

அப்பாவிடம் மறைத்துப் பார்த்தாள், முடியவில்லை. சொன்னதும் அவர், “எப்ப எழுதினான்?” என்று மட்டும் கேட்டார்.

“சித்திரை கடைசியில, ப்பா.”

கொளஞ்சிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “நோட்டீசுக்கு அவன் பதிலே போடலம்மா. கோவத்துல கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு வந்தேன். எம்பேரை அவங்கிட்டேருந்து புடுங்கிக் குடு சாமின்னு. அதுவும் சித்திரையிலதான். அப்ப நான் ஜெயிச்சிட்டனா?”



அவரே எழுந்து சட்டையை மாட்டினார். “பிராதை வாபஸ் வாங்கிடறேன். சாமியே ஒத்துகினா அந்தம்மா போட்டுடும்ல?”

போட மாட்டார்கள். அண்ணன் எழுதிக்கொடுத்ததை இனி அண்ணன் வந்துதான் மாற்ற வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. “போடுவாங்கப்பா” என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினாள்.

விருத்தாசலம் பஸ்ஸில், கோயிலில் எழுதிக்கொடுக்க வேண்டியதை அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். “வாதி கொளஞ்சிநாதன். பிரதிவாதி…” அதற்கு மேல் வரவில்லை. “எம்புள்ள” என்று சொல்லி, பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.