ஏழாவது அடியில் திரும்ப வேண்டும்

என் மகள் தமிழ்ப்ரியா லேப்டாப்பில் பாட்டு செய்கிறவள். வீணை, மிருதங்கம் எதையும் தொட்டதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தால் தவளைச் சத்தம், டிராக்டர் சத்தம் எல்லாம் சேர்ந்து பாட்டாக வெளியே வரும். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் இப்படி இன்னொரு பிள்ளை கிடையாது. இல்லை என்பவர்கள் நேரில் வரட்டும்.

பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. கொச்சியில் ஒலிப்பதிவுப் படிப்பு. பாலக்காட்டில் இசை இலக்கணம், அதாவது ராகம், தாளம், சுரம். திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"தாளம் தெரியாம என்ன பாட்டு? பாலக்காட்டுக்கே போகட்டும்" என்றார் என் வீட்டுக்காரர் பூபதிராஜா. நெல்லைத் தவிர எதைப் பற்றியும் வாய் திறக்காத மனுஷன் இதில் மட்டும் வித்வான் ஆகிவிட்டார்.

"ஏனுங்க, சவுண்டு நல்லா இல்லீன்னா எவனுங்க நின்னு கேப்பான்? கொச்சிக்குத்தான் போகோணும்" என்றேன். மகளும் என் கட்சி.

"தாளத்த மிஷினே போட்டுக்குமுங்கப்பா" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் திருவிழா. கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆண்கள் ஆடுவார்கள். எப்போதும் தவில்தான். இந்த வருஷம் சாயங்காலம் தவில்காரர்கள் டீ குடிக்கிற நேரத்தில் என் மகள் செய்த பாட்டுக்கு ஆடலாம் என்று கமிட்டி ஒத்துக்கொண்டது. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றேன்.

பாட்டு தொடங்கியதும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அப்படி ஒரு சத்தம். வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, எப்படி என்று புருவத்தை உயர்த்தினேன்.

அதற்குள் ஆட்டம் குழம்பிவிட்டது. எங்கள் ஊர் ஆட்டத்தில் ஏழாவது அடியில் திரும்ப வேண்டும். பாட்டோ எட்டு எட்டாகப் போனது. பாதிப் பேர் பழக்கத்துக்கு ஆடினார்கள், பாதிப் பேர் பாட்டுக்கு ஆடினார்கள். ஆடிக்கொண்டிருந்த பிச்சைமணி திரும்பிய வேகத்தில் முன்னால் போனவர் மேல் மோத, இருவரும் மண்ணில் உருண்டார்கள். கூட்டம் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இங்கே பெண்கள் கம்பம் ஆடுவதில்லை. என் மகள் பிறந்ததிலிருந்து காதால் கேட்டிருக்கிறாளே தவிர, காலால் எண்ணியதில்லை.

அவள் பாட்டை நிறுத்தினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்தாள்.

"தப்பு என்ர மேலதானுங்க. எனக்கு ஆட்டம் தெரியாது. பாட்டில்லாம ஒரு சுத்து ஆடுங்க, நானும் கூட வாறேன்."

சொல்லிவிட்டுக் கம்பத்துப் பக்கத்தில் போய் நின்றாள். "பொம்பளப் புள்ள கம்பம் ஆடறதா?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்தார்.

"உள்ள உக்காந்திருக்கற அம்மனும் பொம்பளதானுங்க. உக்காருங்க" என்றேன். மைக் இல்லாமலே என் குரல் கால்வாய் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் உட்கார்ந்தார்.

பிச்சைமணியே மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, அவளுக்கு முன்னால் ஆடத் தொடங்கினார். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே தடுமாறினாள். பிறகு தடுமாறவில்லை. ஓடிப்போய் லேப்டாப் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு எட்டிலும் ஒன்றை வெட்டி எறிந்தாள். ஊரே காத்திருந்தது. மறுபடி பாட்டு எழுந்தபோது ஏழாவதில் எல்லாக் கால்களும் ஒன்றாகத் திரும்பின. டீ குடித்து முடித்த தவில்காரர்கள்கூட அதோடு சேர்ந்து வாசித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். "அதத் தடவாதீங்க" என்றேன். மகள் குறுக்கே வந்தாள்.

"அம்மா, சவுண்டு நானாக் கத்துக்கிட்டேன், இன்னும் கத்துக்குவேன். தாளம் அப்புடி வராதுங்கம்மா. ஒவ்வொரு ஊர்லயும் யாரையாச்சும் உருட்டி உட்டுத்தான் கத்துக்கோணுமா? நான் பாலக்காட்டுக்கே போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் யாருக்கும் ரசம் ஊற்றவில்லை.

மறுநாள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டு பேர் வந்து, தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அவளை அழைத்தார்கள்.

"பாப்பா சவுண்டு இன்ஜினீயரிங்தான் படிக்கப் போகுதுங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

"இல்லீங்க. அது அவளுக்குத் தெரியும். தெரியாததப் படிக்கப் போறா" என்றேன். உள்ளே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.