அவர் அளவுக்கு வாங்கிய சீருடை

என் கணவர் துணி எடுக்கக் கூட வந்தாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அதற்காக என் ஐகிடோ தற்காப்பு வகுப்புச் சீருடையைத் தன் அளவுக்கு வாங்குவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கண்ணாடி முன்னால் நின்று அந்த வெள்ளைச் சட்டையை அவரே மாட்டிப் பார்த்தார். கடைக்காரர் குழம்பிப்போய், "கத்துக்கப்போறது யாரு சார்?" என்றார்.

"இவதான். ஆனா ஆரம்ப சூரத்தனம். கிடார் வாங்கினா, தூசு படியுது. இதையும் மூணு மாசத்துல விட்டுடுவா. அப்புறம் நான் வீட்டுல போட்டுக்கலாம் பாருங்க, நல்ல கெட்டித் துணி."

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். கிடார் விஷயம் உண்மை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் கிடார் வேறு, இது வேறு. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்ட ஒருவன், தர முடியாது என்றதும் மேஜைக்கு மேலே எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு இழுத்தும் கை வரவில்லை. வேறு ஆள் உள்ளே வந்த பிறகுதான் விட்டான். வீட்டுக்கு வந்து சொன்னேன். "அதான் கடையில கேமரா இருக்கே" என்றார் இவர். கேமரா வந்து கையை விடுவிக்குமா? மறுவாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

சேர்ந்து என்ன பயன்? சட்டையின் தோள் முழங்கைப் பக்கம் தொங்கியது. கால்சட்டை தடுக்கி நானே விழுந்தேன், யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தவர்கள் துணியைப் பிடித்தார்கள். அவர்கள் பிடிக்குள்ளே என் கை சும்மா சுழன்றது. சட்டைக் கையை மடித்துவிட்டால் வகுப்பு எடுக்கும் மாஸ்டர் அம்மா திட்டுவார். "மடிப்புல அடுத்தவங்க விரல் மாட்டி ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?"

தையல்காரரிடம் கொடுக்கலாம் என்றால் இவர் வழிமறித்தார். "வெட்டிடாதே. உள்ளே மடிச்சுத் தை, பின்னால பிரிச்சுக்கலாம்." தைத்தேன். ஒரு இழுப்பில் பிரிந்தது. திரும்பத் தைத்தேன், திரும்பப் பிரிந்தது. மூன்று மாதம் எப்போதோ தாண்டியும் இவர் மட்டும் கெடுவை நீட்டிக்கொண்டே போனார். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிடும்.

கடைசியில் மாஸ்டர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை தேர்வு. மணிக்கட்டு தெரியலைன்னா ஓரமா உக்காந்து வேடிக்கைதான் பார்க்கணும்."

தோளே இறங்கிக் கிடக்கும்போது சட்டைக் கையை மட்டும் வெட்டி என்ன ஆகப்போகிறது? அப்போதுதான் முதல் நாள் மாஸ்டர் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், நிழலில்தான் காயவைக்க வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் இந்தப் பருத்தி சுருங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்த பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன். சீருடையைக் கொதிக்கக் கொதிக்க ஊறவைத்து, மொட்டை வெயிலில் காயப்போட்டேன். சனிக்கிழமையும் அதே.

மாலையில் என் கணவர் கொடியிலிருந்து எடுத்த சட்டையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஒரு கையை நுழைத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது.

"என்ன பண்ணினே? எனக்குப் பத்தவே இல்லையே."

"பத்தாது."

"இனிமே நீ விட்டுட்டா இதை யாரு போடறது?"

"யாரும் போட முடியாது."

பிடுங்கிப் போட்டுக்கொண்டேன். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. அவர் என் மணிக்கட்டையே பார்த்தார்.

"அன்னைக்கு அவன் எந்தக் கையைப் பிடிச்சான்?"

அரை வருஷம் கழித்துக் கேட்கிறார் மனுஷன். இவரை என்ன செய்வது?

வலது கையை நீட்டினேன். "பிடிங்க, சொல்றேன்" என்றேன்.