பதினான்கு வளைவு

கோயில் கமிட்டி மலாக்காவுக்கு பஸ் விடுகிறது என்று கேள்விப்பட்டதும் அம்மாக்கண்ணு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள். சுல்தான்கள் ஆண்ட பழைய தலைநகரம், கல்கோட்டை வாசல், அதற்கு அப்பால் கடல். நாற்பத்திரண்டு வயதாகியும் அவள் கடலைப் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்த்தே தீர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

புருஷன் மாடசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"மலையிறங்குற தாப்பா ரோட்டுல நீ தாங்க மாட்டே புள்ள. கல்யாணத்தன்னைக்கே பஸ்ல வாந்தி எடுத்த ஆளு."

இருபத்து மூன்று வருஷமாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க ஓடுகிற கதை அது. உண்மையில் அன்று வாந்தி எடுத்தது மாப்பிள்ளை. அதுவும் பெண்ணின் கூறைச்சேலை முந்தானையில். ஊர் சிரிக்குமே என்று, திரும்பிப் பார்த்த மாமியாரிடம் "நான்தான் அத்தை" என்று சொல்லிவிட்டாள். பழி அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு மாடசாமி மலையை விட்டு இறங்கவே இல்லை. கல்யாணமோ கருமாதியோ, பெண்டாட்டியின் தலைச்சுற்றல்தான் காரணம். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டானோ என்னவோ. அவளும் கூடவே முடங்கிப்போனாள். அந்தக் கோபம் அவளுக்கு உண்டு.

புறப்பட ஒரு மாதம் இருந்தது. கொழுந்தை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு லயத்துக்குத் திரும்பும் லோரியை ஓட்டுபவன் அவள் தம்பி சின்னக்கருப்பன். வழியில் பதினான்கு வளைவு. தினம் அந்த லோரியில் ஏறிப் பழகினால் தன் தலைச்சுற்றல் போய்விடும், தனியாக ஏறத்தான் பயம், நீங்களும் வாங்க என்று புருஷனைக் கூப்பிட்டாள். ஃபேக்டரி வேலை முடிந்து குறுக்குப்பாதையில் நடந்தே வீடு திரும்பும் மாடசாமிக்குத் தப்பிக்க வழியில்லை.

முதல் நாள் மூன்றாவது வளைவிலேயே லோரியை நிறுத்தச் சொன்னான். தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் போய்விட்டு, உனக்காகத்தான் நிறுத்தினேன் என்று வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவள் ஒத்துக்கொண்டு, தான் மோந்து பார்த்த எலுமிச்சம்பழத்தை அவன் கையில் திணித்தாள். சின்னக்கருப்பன் சிரிப்பை விழுங்கினான். அடுத்த வாரம் ஏழு வளைவு, அப்புறம் பதினொன்று. நாலாவது வாரம் மாடசாமி முகம் வெளுத்தாலும் பதினான்கையும் தாண்டி லயத்தில் வந்து இறங்கினான்.

நேரே போய்க் கமிட்டியிடம் தன் பெயரையும் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தான்.

"புள்ள, அந்தக் கூறைச்சேலை... கறை போச்சா?"

அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அன்னைக்கே போச்சு," என்றாள். "போறப்ப ஜன்னல் சீட்டுல நீங்க உக்காருங்க. கடல் தெரிஞ்சதும் எனக்கு விட்டுருங்க லா."