சந்தனம் படாத முத்து

எனக்குத் தங்கம் பிடிக்காது. இதைச் சொன்னால் பேகம்பூரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். தங்கத்தில் எடையைத் தவிர என்ன இருக்கிறது? தராசில் போட்டதும் அதன் பேச்சு முடிந்துவிடும். கல் அப்படியில்லை. காலை வெயிலில் ஒரு முகம் காட்டும், டியூப்லைட்டில் வேறொரு முகம் காட்டும். எதிர்வீட்டு ஷைனி டீச்சரின் மோதிரத்தில் ஒற்றை வைரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அதை வாங்கி ஊதிப் பார்ப்பேன். கண்ணாடியில் ஊதினால் ஆவி படிந்து செத்த நேரம் நிற்கும். வைரத்தில் படிந்த உடனே ஓடிவிடும். அது ஓடுவதைப் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை.

"நீங்க ஊதி ஊதியே என் மோதிரம் தேஞ்சிரும்க்கா" என்பார் டீச்சர்.

என் வீட்டுக்காரர் அப்துல் கையூமுக்குத் தோல் வியாபாரம். பையும் பெல்ட்டும் செய்து வெளியூருக்கு அனுப்புகிறார். பல வருடங்களுக்கு முன்னால் சரக்கு விஷயமாக ஐதராபாத் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு முத்துக் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முத்தாக வெள்ளைத் துணியில் உருட்டி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, பல்லில் லேசாக உரசி, ஒரு சரத்துக்குத் தேர்ந்தெடுத்தேன். நல்ல முத்து பல்லில் நறநறக்கும். கடைக்காரர் முதல் நாள் நான்கு தடவை டீ கொடுத்தார். இரண்டாம் நாள் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த முத்துகளைப் பற்றி என்ன சொல்ல. வெள்ளை என்று சொன்னால் தப்பு. உள்ளே எங்கேயோ ஒரு இளஞ்சிவப்பு ஒளிந்திருக்கும். ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்து, திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். என் மகன் ஃபாரிஸ் பிறந்தபோதுகூட இப்படிப் பார்த்திருப்பேனா தெரியாது. அப்போது எனக்குக் காய்ச்சல், மூன்று மாதம் படுத்த படுக்கை. பிள்ளையைக் குளிப்பாட்டி, தூங்கவைத்துப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார் ஜெய்தூன் பீவி. வீட்டுக்காரருக்கு மூத்தவர், எனக்கு மதினி. இந்தக் கதை அவரோடு எனக்கு வந்த சண்டையைப் பற்றியது.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் மதினியின் மகள் மஹ்ஜபீனுக்கு நிக்காஹ். முத்துச் சரத்தை நான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போனது அன்றுதான். எங்கள் வீட்டு விசேஷங்களில் பெண்கள் பக்கம் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, வந்திருக்கும் பெண்களின் கழுத்தில் பூசுவார்கள். கழுத்தில் பூசினால் நீ எங்கள் வீட்டு ஆள் என்று பொருள். மணப்பெண்ணின் தாயான மதினியே கிண்ணத்தோடு வந்தார். முதல் சந்தனம் எனக்குத்தான். அவர் விரல் என் கழுத்துக்குக் கிட்டே வந்ததும் நான் அந்தக் கையைப் பிடித்து விலக்கினேன்.

"கழுத்துல வேணாம் மதினி, முத்து கெட்டுப்போயிரும். கையில வைங்க."

மண்டபமே பார்த்தது. மதினி என் முகத்தைப் பார்த்தார், பிறகு சரத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கையிலும் வைக்கவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. நானும் விடவில்லை. முத்தில் வாசனைத் திரவியமும் சந்தனமும் படக்கூடாது என்பது கல்லைப் பற்றி ஆனா ஆவன்னா தெரிந்தவர்களுக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்? இப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், வீம்பு அதற்கும் மேலே. வீட்டுக்கு வந்ததும் முத்துச் சரத்தைப் பஞ்சில் சுற்றி, இறுக்கமாக மூடும் ஒரு டப்பாவில் வைத்தேன். வீட்டுக்காரர் தோல் பைகளுக்குள் போட்டு அனுப்பும் சின்னப் பொட்டணங்கள் உண்டு, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவை இருந்தால் மழைக்காலத்திலும் தோலில் பூஞ்சை வராது. அதில் ஒரு கைப்பிடி அள்ளி முத்துக்குப் பக்கத்தில் போட்டேன். ஒவ்வொரு ரமலானுக்கும் பழைய பொட்டணங்களை எடுத்துவிட்டுப் புதிது மாற்றினேன். பஞ்சைப் பிரிக்கவில்லை. காற்றுக்கூடப் படக்கூடாது என்று அத்தனை பத்திரம்.

இந்த வருடம் ஃபாரிஸுக்குப் பெண் பார்த்து முடிவானது. எங்களில் மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டுவது மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள். ஃபாரிஸுக்கு அக்கா தங்கை இல்லை. அப்படியானால் அவன் அத்தா, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காதான் கட்ட வேண்டும். எனக்குக் கட்டியதும் ஜெய்தூன் மதினிதான். கறுப்புக் கண்ணாடி மணிகளைக் கோத்த சரம். கல் என்று பார்த்தால் அதற்கு மதிப்பே கிடையாது. நானே கேலி செய்திருக்கிறேன். ஆனாலும் கட்டிய நாளிலிருந்து கழற்றியதில்லை.

வீட்டுக்காரர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு எரியோட்டில் இருக்கும் மதினி வீட்டுக்குப் போனார். போனதைவிடச் சீக்கிரமாகத் திரும்பி வந்தார்.

"என்னங்க சொன்னாக?"

"டீ குடுத்துச்சு. பத்திரிகையை வாங்கிக்கிருச்சு. வாரதப் பத்தி ஒண்ணும் சொல்லல." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "இன்னொரு விசயம், மஹ்ஜபீன்தான் சொன்னா. அன்னையிலருந்து அக்கா யாரு கழுத்துலயும் கேக்காம சந்தனம் வைக்கிறதில்லையாம். ஒவ்வொரு பொம்பளகிட்டயும் கழுத்துலயா கையிலயான்னு கேட்டுட்டுத்தான் வைக்குமாம். சொந்த மகள்கிட்டக்கூட."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே. "வராட்டி போகட்டும், கருகமணி கட்ட ஊருல ஆளா இல்ல" என்றேன்.

அன்று மாலை ஓசூரிலிருந்து ஃபாரிஸ் போன் செய்தான். வேலை, லீவு என்று எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் மதினியைப் பற்றிக் கேட்டான். "மாமி வராகளாம்மா? மாமிதானே கட்டணும்?" நான் பேச்சை மண்டபத்து வாடகைக்கு மாற்றினேன். அவனும் திரும்பக் கேட்கவில்லை. அவன் வற்புறுத்தியிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காமல் விட்டதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை முத்துச் சரத்தை எடுத்தேன். கல்யாணத்துக்குப் போட வேண்டும் அல்லவா. பஞ்சை விரித்ததும் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பழுப்பேறி, பளபளப்புப் போய், மேலெல்லாம் மெல்லிய கீறல் கீறலாக வெடித்திருந்தது. ஒன்றைத் தேய்த்தபோது விரலில் செதில் ஒட்டிக்கொண்டது. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்த இளஞ்சிவப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

கடைவீதியில் கல் வியாபாரம் செய்யும் முகேஷ்குமாரிடம் ஓடினேன். அவர் தாத்தா காலத்திலேயே திண்டுக்கல்லுக்கு வந்த குடும்பம். கண்ணில் லென்ஸை வைத்துச் சரத்தை முழுக்க நகர்த்திப் பார்த்தார்.

"இத எதுல வச்சிருந்தீங்க?"

சொன்னேன். பொட்டணத்தைப் பற்றிச் சொன்னதும் லென்ஸை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஊருக்கெல்லாம் நீங்க கல் பாத்துச் சொல்லுவீங்க. முத்து கல்லு இல்லக்கா. அதுக்குள்ள ஈரம் இருக்கு. மனுசங்க தோலு மேல கிடந்தாத்தான் அது நல்லா இருக்கும். நீங்க வருசக்கணக்கா அதைக் காயப் போட்டிருக்கீங்க. இனி ஒண்ணும் பண்ண ஏலாது."

சரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேன். "சந்தனம் பட்டிருந்தா?"

"சந்தனமா? அன்னைக்கே ஈரத் துணியால துடைச்சா போச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு முன்னால் இல்லை, அவருக்கு என்ன தெரியும். பதினோரு வருடம் நான் சரியென்று நினைத்துக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. சரத்தைப் பெட்டியில் வைக்கக் கை வரவில்லை. கழுத்தில் போட்டு முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எரியோட்டு பஸ்ஸில் ஏறினேன்.

மதினி முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முடி முக்கால்வாசி நரைத்திருந்தது.

"வா" என்றார். "தம்பி வரலியா?"

"நான் மட்டுந்தான் வந்தேன் மதினி." எதிரே உட்கார்ந்து முக்காட்டை விலக்கினேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். கைநீட்டப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டு, "தொடலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

"தொடுங்க மதினி."

"ஏன் இப்படிக் கிடக்கு? சொறி பிடிச்ச மாதிரி."

நடந்ததைச் சொன்னேன். பொட்டணத்துக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"தோலுக்குப் போடுறதையா முத்துக்குப் போட்ட?" என்றார். அவரும் தோல்கிடங்குக்காரர் மகள்தானே. சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கீரை மடியிலிருந்து சரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது சிரிப்பினால் வந்த தண்ணீர் இல்லை.

"அம்புட்டு சனத்துக்கு முன்னால என் கையப் பிடிச்சுத் தள்ளுனியே ரஃபியா. உனக்குக் கருகமணி கட்டுன கை இது."

"தப்புத்தான் மதினி. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். வீம்பு விடல."

அவர் எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து கல்லில் எதையோ இழைக்கும் சத்தம் கேட்டது. நான் சிதறிய கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் நின்றார்.

"கழுத்துலயா, கையிலயா?"

இத்தனைக்குப் பிறகும், பாருங்கள், என் கை தானாகக் கழுத்துக்குப் போய் முத்தை மூடியது. செத்துப்போன முத்தை. மதினி அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"கழுத்துல மதினி."

அவர் பூசினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முத்துச் சரத்தின் மேல், அதற்கடியில் கிடந்த கருகமணியின் மேல் எல்லாம் படும்படி, கிண்ணம் காலியாகிற வரைக்கும் பூசினார். குளுகுளுவென்று இருந்தது.

"நிக்காஹ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"பத்தரைக்கு."

"விடியக்காலையிலேயே வந்துருவேன். கருகமணிய நானே கோத்து எடுத்துட்டு வாரேன், கடையில வாங்கிறாத."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"அக்கா, முத்து பூராம் சந்தனமா இருக்கு. துடைச்சிருங்க, கெட்டுப்போயிரும்."

"இருக்கட்டும்மா" என்றேன்.